முதலைக்கு வைத்த கோழிக்கால்

வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிற ஜென்மம் நான். காபியைக்கூடக் கதவிடுக்கு வழியாகத்தான் நீட்டுவேன், வாங்கியது யார் என்று கூடப் பார்க்கமாட்டேன். ஊருக்கு இப்படிப் பயந்த நான்தான் என் மகளின் கல்யாணத்தையே முதலைக்குழியில் தள்ளப் பார்த்தேன். (“பார்த்தியா? தள்ளியே விட்ட” என்பாள் என் மகள் ஸ்டெல்லா.)

அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். இந்தப் பக்கம் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்து வரும். பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று போய்விட்டால் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். ஏற்கனவே ஒரு இடம் அப்படித் தட்டிப்போய், ஸ்டெல்லா ஒரு மாசம் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வரவில்லை. அதனால் என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். புதிதாக வந்திருக்கும் பூந்தமல்லி மாப்பிள்ளைப் பையனும் அவன் அம்மாவும் நம்மோடு சும்மா ஊர் சுற்ற வருகிற மாதிரி வரட்டும், மகாபலிபுரம் ரோட்டில் முதலைப் பண்ணை இருக்கிறது, பிடித்தால் பேசலாம், பிடிக்காவிட்டால் முதலை பார்த்ததோடு போகட்டும் என்றார்.

வண்டி என் கொழுந்தனுடையது. திருமழிசையில் வண்டிக்கு பாடி கட்டுகிற ஷெட்டில் அவனுக்கு வேலை. பழைய ரொட்டி வேன் ஒன்றை வாங்கி, படுக்கப் பலகை, ஸ்டவ் வைக்க மேடை, நடுவில் பூப்போட்ட திரை என்று அதை ஒரு வீடாகவே ஆக்கியிருந்தான். திரைக்குப் பின்னால் அடுப்படி என்றதும் எனக்குப் போன உயிர் வந்தது. ஓடுகிற வண்டியிலும் ஒளிய இடம் கிடைத்துவிட்டதே.

வீட்டுக்காரரின் ஃபேக்டரிக்கு லீவு விட்ட ஒரு நாளில் புறப்பட்டோம். எங்கள் வீட்டில் லீவு என்றால் ஞாயிறு, ஞாயிறு என்றால் கோழி. இருபது வருஷப் பழக்கம், கை தானாகவே வேலை செய்தது. விடியலில் எழுந்து இரண்டு கோழியை வறுத்துத் தூக்குச்சட்டியில் அடைத்துவிட்டேன். பூந்தமல்லியில் ஏறிய அந்த அம்மா, உட்கார்ந்ததுமே சிலுவை போட்டுக்கொண்டு ஜெபமாலையை எடுத்தார். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது, அன்று வெள்ளிக்கிழமை. அதுவும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளி. எங்களை மாதிரி வேதக்காரர் வீட்டில் அன்று கறி வாசனையே வரக்கூடாது. அந்த அம்மாவோ அவர்கள் கோயிலில் மாதர் சபைத் தலைவி.

வீட்டுக்காரரைத் திரைக்குப் பின்னால் இழுத்துக் காதில் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. மீன் சாப்பிடலாமே, மீன் என்று சொல்லிவிடு என்றார்.

“மீனுக்கு ஏதுங்க காலு?” என்றேன்.

வழியெல்லாம் அந்த அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மணிக்கும் நான் தூக்கின் மூடியை ஒரு முறை அழுத்திக்கொண்டேன்.

பண்ணையில் எல்லோரும் ஆமை பார்க்கப் போன சமயம், தூக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நான் தனியே முதலைக்குழிப் பக்கம் போனேன். இடுப்பளவு சுவர். கீழே முப்பது நாற்பது முதலை. ஒரு நிமிஷத்தில் தின்று தீர்த்துவிடும், சாட்சியே இருக்காது என்பது என் கணக்கு. மூடியைத் திறந்து கவிழ்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கிச் சட்டியும் சேர்ந்து போய்விட்டது.

கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். ஆனால் ஒரு முதலையும் அசையவில்லை. வெட்டிப் போட்ட கட்டை மாதிரி அப்படியே கிடந்தன. பெரிய முதலை ஒன்றின் நெற்றியில், பொட்டு வைத்த மாதிரி, நான் வறுத்த கோழிக்கால் உட்கார்ந்திருந்தது. அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

சத்தம் கேட்டுப் பண்ணை ஆள் ஓடிவந்தார், பின்னாலேயே எங்கள் கூட்டமும். அவர் நீளக் கொக்கியால் சட்டியைத் தூக்கி, அதில் வெட்டியிருந்த பேரை ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார்.

“ஆரோக்கியமேரி, ஆவடி. ஆரும்மா அது? மசாலா துன்னா இதுங்க வயிறு இன்னாவறது?”

(பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவது திருடு போகாமலிருக்க என்று என் அம்மா சொல்லியிருந்தாள். திருடியே மாட்டிக்கொள்வாள் என்று சொல்லவில்லை.)

ஸ்டெல்லா தலை குனிந்து புடவை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. பூந்தமல்லியம்மா முன்னால் போய் நின்றேன்.

“என் சட்டிதாங்க. கோழி. லீவு நெனப்புல வெள்ளிக்கிழமைய மறந்துட்டேன். தப்பு என்னுது, பொண்ண ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.”

அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து குழிக்குள் பார்த்தார்.

“ஞானஸ்நானம் வாங்காத ஜென்மம், அதுவே வெள்ளிக்கிழமைன்னு வாய மூடிகினு கீது பாரு,” என்றார்.

முதலில் சிரித்தது பையன்தான். ஸ்டெல்லாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பண்ணை ஆள் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் கால் மணி நேரம் திட்டிவிட்டுத்தான் சட்டியைக் கொடுத்தார்.

திரும்பும்போது நான் திரைக்குப் பின்னால் வெறும் சோற்றையும் ஊறுகாயையும் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மா உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“வண்டில ஏறும்போதே வாசன வந்துச்சி. நான் ஜெபமால உருட்டுனது பக்தில இல்ல சம்பந்தி, நாக்க அடக்கத்தான். அந்தக் கோழியப் போய்க் குழியில கொட்டிட்டியே.”

‘சம்பந்தி’ என்ற சொல் என் காதில் விழுந்து புரிவதற்குள் வண்டி குன்றத்தூரைத் தாண்டிவிட்டது.

ஈஸ்டர் முடிந்து நிச்சயத்துக்கு வந்த சம்பந்தியம்மா, இலையில் உட்கார்ந்ததும் முதலைக்கு வைத்ததை எனக்கு வை என்றார். அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் லெக் பீஸ் என்று கேட்பதில்லை, முதலைப் பங்கு என்றுதான் கேட்பது. போன மாசம் அம்பத்தூரில் ஓட்டலுக்குப் போனபோது, பேரன் தட்டை நீட்டி முதலைப் பங்கு வேண்டும் என்று கேட்டுவிட்டான். பரிமாறுகிறவர் மெனு அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

“அதெல்லாம் இங்க போடறதில்ல தம்பி,” என்றார் பணிவாக. “கோழி, ஆடு, காடைதான்.”