லீச்சுக்கு ஒரு வரவேற்பு

"ஏங்க, வர்ற டாக்டரம்மாவ அட்டைன்னு போட்டிருக்கு?"

ஆஸ்பத்திரி வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸை அண்ணாந்து பார்த்துச் சுருளியம்மாள் கேட்டாள். முத்துக்கருப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். 'எங்கள் அன்பான அட்டையே, வருக வருக.'

அவர் ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியார். கோம்பைக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சிற்றூருக்கு மூன்று வருஷம் கழித்து இன்றுதான் டாக்டர் வருவதாகப் பேச்சு. அதுவரை அவர் மனைவி சுருளியம்மாள் ஆறாத கால் புண்ணோடு உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். வருகிறவர் மனம் குளிர்ந்து இங்கேயே தங்கிவிட வேண்டுமென்று, வாத்தியாரே வரவேற்பு வாசகத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய ஆங்கிலத்தில் வைத்தியருக்கு 'லீச்' என்று பெயர். அபூர்வமான சொல்லாகப் போட்டால் படித்த பிள்ளை அசந்துபோகும் என்று நினைத்தார். இன்று அந்தச் சொல்லுக்கு ரத்தம் உறிஞ்சும் அட்டை என்றுதான் அர்த்தம் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிளெக்ஸ் கடை பிச்சைமணிக்குப் போன் போட்டார்.

"நான் இங்கிலீஷ்லதானய்யா எழுதிக் குடுத்தேன்."

"ஊர்ச்சனத்துக்குப் புரியணும்ல சார். செல்லுல போட்டேன், அதுவே தமிழாக்கிக் குடுத்துச்சு."

"அட்டைன்னா ரத்தம் குடிக்கிறதுய்யா. இவுக ரத்தம் குடிக்க வரல, வைத்தியம் பாக்க வர்றாக. சட்டுனு ஏதாச்சும் ஒட்டிச் சரிபண்ணு."

"புரிஞ்சிருச்சு சார். இந்தா வந்துட்டேன்."

வாத்தியார் மாலை வாங்கப் போய்த் திரும்புவதற்குள் பிச்சைமணி வந்து ஒட்டிவிட்டுப் போயிருந்தான். 'அட்டையே' அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'ரத்தம் குடிக்க அல்ல, வைத்தியம் பார்க்க வருகிறார்.'

"மொதல்ல இருந்ததே தேவல," என்றாள் சுருளியம்மாள். "இப்ப ஊருக்கே சந்தேகம் வந்துரும்."

வாத்தியார் நாற்காலியைப் போட்டு ஏறி, அந்த வரியைப் பிடித்து இழுத்தார். நடுப்பகுதி மட்டும் கையோடு வந்தது. மிச்சம், பசை நன்றாகப் பிடித்து, அசையாமல் நின்றது. 'ரத்தம் குடிக்க', ஒரு இடைவெளி, 'வருகிறார்.'

அந்நேரம் பார்த்து வெள்ளை ஜீப் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி இறங்கினாள். பின்னால் பெட்டிகளோடு இரண்டு பேர். மூவரும் பிளெக்ஸை வாசித்தார்கள்.

"போச்சு," என்று முணுமுணுத்தாள் சுருளியம்மாள். "வந்த ஜீப்புலயே திரும்பிருவாக."

வாத்தியார் நாற்காலியிலிருந்து இறங்கினார். கிழிந்த துண்டு கையில் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் விழவில்லை. "அம்மா, மன்னிக்கணும். லீச்சுங்கிறது பழைய இங்கிலீஷ்ல..."

அதற்குள் அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எத்தனையோ ஊருக்குப் போயிருக்கோம் சார். எங்கள இவ்வளவு சரியா யாரும் புரிஞ்சுக்கிட்டதில்ல."

குனிந்து மாலையை வாங்கிக்கொண்டாள். பிளெக்ஸுக்குக் கீழே மூவரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

வாத்தியார் பூரித்துப்போனார். முப்பது வருஷம் பாடம் நடத்தியதில், ஒரு சொல்லின் வேர் தெரிந்த ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

"படிச்ச புள்ள, வெவரம் தெரிஞ்ச புள்ள. இங்கனயே தங்கிரும்," என்றார் மனைவியிடம்.

சுருளியம்மாளுக்கும் தெம்பு வந்துவிட்டது. ஜீப் டிரைவர் வீரபாண்டியிடம் போனாள்.

"ஏப்பா, என் காலு புண்ண டாக்டரம்மா எப்பப் பாப்பாக?"

"டாக்டரம்மா திங்கக்கெழமதான் வர்றாக, ஆத்தா. இவுக ரத்ததான முகாமுக்கு ரத்தம் எடுக்க வந்தவுக."