ஆறு கையெழுத்து, ஒரு பார்ட்னர்

சொந்தக் கையெழுத்தைப் போடத் தெரியாமல் ஒரு வக்கீல் முன்னால் அழுதவள் நான். படிக்காதவள் இல்லை, பி.காம். (அதுவும் முதல் வகுப்பு. இதைச் சொல்லிக்கொள்ள வீட்டில் எனக்குத் தடை இருக்கிறது.)

நானும் என் நாத்தனார் செல்வியும் புதுப்பட்டினத்தில் கருவாட்டுத் தொக்கு கம்பெனி தொடங்கிய நேரம். பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் நோட்டரி வக்கீல் எதிரிலேயே கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் நாங்கள் பார்த்து வைத்திருந்த கடையின் சாவி கிடைக்கும்.

"அஞ்சு மணிக்குள்ள வாங்க. இல்லாங்காட்டி ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் குடுத்துடுவேன்" என்று கடைக்குச் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செல்விக்கும் கேன்டீன் வேலையில் அந்த ஒரு நாள்தான் லீவு.

இத்தனைக்கும் நடுவில் என் கவலை வேறு. 'க. லதா' என்று தமிழில் குண்டு குண்டாக எழுதுவதுதான் பள்ளிக்கூடத்திலிருந்தே என் கையெழுத்து. ஒரு கம்பெனி முதலாளி இப்படியா போடுவாள்? ஒரு வாரம் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பயிற்சி எடுத்தேன். ஆங்கிலத்தில் மின்னல் மாதிரி ஓர் இழுப்பு, கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. (புள்ளி எதற்கு என்று கேட்காதீர்கள்.)

செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் நோட்டரி அம்மாவின் அறை. ஆறு பக்கப் பத்திரம். செல்வி மளமளவென்று போட்டுவிட்டு நகர்ந்தாள். நான் பேனாவைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினேன். முதல் பக்கத்தில் மின்னல் வந்தது. இரண்டாவதில் மண்புழு. நாலாவதில் புள்ளிகள் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டன. ஆறாவது பக்கத்தில் என் பெயரே இல்லை.

நோட்டரி அம்மா என் பான் கார்டிலிருந்த பழைய கையெழுத்தைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"நான்தான் மேடம்."

"இந்த ஆறுல எது நீங்க?"

செல்வி எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணி இது? ரெண்டு பேரு கம்பெனின்னுதானே சொன்னே, இங்க ஆறு பேரு கீறாங்களே!"

பத்திரம் வீண். புது முத்திரைத்தாள் வாங்கி, டைப் அடிப்பவர் சாப்பிட்டு வரும்வரை காத்திருந்து, மறுபடி உட்கார்ந்தபோது மணி மூன்று. பழைய கையெழுத்தையே போடலாம் என்று பேனாவை வைத்தேன். 'ல' எந்தப் பக்கம் சுழியும் என்பதே மறந்துவிட்டது. கடை போச்சு, செல்வியின் லீவு போச்சு என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

நோட்டரி அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். ஒரு வெள்ளைத்தாளையும் வைத்தார்.

"முதல்ல இதுல எழுதுங்க. நான் எங்கயும் போகல."

செல்வி என் பான் கார்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "அழுவாதே அண்ணி. பார்த்து எழுது, யாரும் கேக்க மாட்டாங்க. ஒன்னுதுதானே!"

என் கையெழுத்தை நானே காப்பியடித்தேன், பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவை நோட்டரி அம்மா தலையசைத்தார். பிறகு பத்திரத்தில் ஆறு பக்கமும் ஆறு 'க. லதா', ஒன்றுபோலவே குண்டாக. முத்திரை விழுந்த சத்தத்தில் எனக்கு மூச்சு திரும்பியது.

பஸ்ஸைப் பிடித்து, செல்வி முன்னால் ஓட நான் பின்னால் ஓட, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சாவியை வாங்கினோம். இன்று அந்தக் கடையில் எங்களோடு நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

வெளியில் இதையெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை என்று செல்வி சத்தியம் செய்திருந்தாள். வீட்டுக்குள் சொல்வதைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லையாம். அதனால் என் மகள் இப்போது ரேங்க் கார்டைக் கையெழுத்துக்கு நீட்டும்போதெல்லாம், சிரிக்காமல், பக்கத்திலேயே என் பான் கார்டையும் எடுத்து வைக்கிறாள்.