கடைசிக் கட்டம்

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் செருகியதும் எங்கோ 'டப்' என்றது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். கூடத்து டி.வி. கறுத்துப் போயிருந்தது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

டி.வி.க்காக அல்ல. அதோடு இணைத்திருந்த மாமனாரின் பழைய வீடியோ கேம் பெட்டியும் அணைந்துவிட்டதே, அதற்காக.

லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், அன்று காலை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள மாமியாரோடு கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்:

"மாப்பிள்ளை, கேமைக் கடைசிக் கட்டத்துல நிறுத்தி வெச்சிருக்கேன். முப்பது வருஷ உழைப்பு. கரண்ட் போச்சுன்னா மறுபடி முதல்லேருந்துதான். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருங்க, போதும்."

அதுதான் முடியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் சம்பளத்துக்கு இருந்தவருக்குச் சொந்தக் கடை வைக்க ஆசை. அதற்கு இந்த வீட்டு முன்னறையை அப்பாவிடம் கேட்பதாக, அன்று சாயங்காலத்துக்குத்தான் மனைவி நாள் குறித்திருந்தாள். கேட்கும் நேரத்தில் சட்டை கசங்கியிருக்கக் கூடாதே என்றுதான் இஸ்திரி.

ஃப்யூஸைச் சரிசெய்தார். ஆரம்பப் படம் வந்து பல்லை இளித்தது. மாமனார் நிறுத்தியிருந்த காட்சி நினைவிருந்தது: சிவப்புக் கதவு, முன்னால் பள்ளம், ஓரத்தில் ஒரு நத்தை. அவர்கள் திரும்புவதற்குள் அங்கே போய் நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியாது.

இந்த விளையாட்டைச் செய்தவனுக்கு மனித குலத்தின் மேல் என்ன கோபமோ! பூவைத் தொட்டால் சாவு. ரத்தினத்தை எடுத்தால் சாவு. வாளோடு வருகிறவனைக் கண்டு ஓடினாலும் சாவு, கட்டிப்பிடித்தால் பரிசு. பொத்தானை அமுக்கினால் வீரன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதித்தான். அதற்குள் பள்ளத்தில் கிடந்தான்.

முதல் அறையின் முடிவிலேயே ஒரு சிவப்புக் கதவு, பள்ளம், நத்தை. 'சோம்பேறிப் பயல், எல்லா அறைக்கும் ஒரே படத்தை ஒட்டியிருக்கான்' என்று வைதுகொண்டே கதவை நோக்கிக் குதித்தார். மோதிச் செத்தார். மறுபடி குதித்தார். மறுபடி செத்தார். இந்த முறை குதிக்கும் பொத்தானும் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது.

தொழில் கை கொடுத்தது. கண்ணாடிச் சட்டம் முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பொத்தான் பலகையைப் பிரித்து, பொத்தானை விடுவித்து, திரும்ப மூடினார். இப்போது குதிக்கச் சொன்னால் வீரன் குனிந்தான். குனியச் சொன்னால் குதித்தான்.

மனைவியின் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"அவங்க எப்ப வருவாங்க?"

"ஏங்க குரல் நடுங்குது?"

"கடைசிக் கட்டம்... எல்லாம் கை மீறிப் போச்சு. இன்னும் ஒரே ஒரு உயிர்தான் மிச்சம்."

"ஐயோ! பல்லு புடுங்கத்தானே போனார் அப்பா!"

போன் கட்டாயிற்று. திரும்பக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை.

மிச்சமிருந்த ஓர் உயிரோடு கதவருகே போனார். பதற்றத்தில் கை பழைய பொத்தானையே அமுக்கியது. குதிக்க வேண்டிய வீரன் குனிந்தான். குனிந்தபடியே பள்ளத்தைக் கடந்து, கதவுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனான். திரையில் நீல நிறத்தில் ஓர் அறை. நத்தையும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரு தவளை மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு? பொண்ணு போன்ல அழறா!" என்று மாமியார் ஓடி வந்தார். பின்னாலேயே, வாய் நிறையப் பஞ்சோடு மாமனார்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். முன்னறை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா. ஃப்யூஸ் போயிடுச்சு. கடைசிக் கட்டம் வரைக்கும் கொண்டுபோயிடலாம்னு உயிரை விட்டுப் பார்த்தேன். ரெண்டாவது அறையிலயே மாட்டிக்கிட்டேன்."

மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தவளையைக் காட்டி, "ம்ம்! ம்ம்ம்!" என்றார். கண் கலங்கியிருந்தது.

மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"ஏங்க, அந்தச் சிவப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறை இருக்கா? முப்பது வருஷமா அதைத்தானே கடைசிக் கட்டம்னு சொல்லிட்டிருந்தீங்க!"