ஜன்னல் திட்டில் ஏறிய காய்ச்சல்

இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவனுக்குக் காய்ச்சல் பார்க்கத் தெரிந்திருக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். நானே சாட்சி.

எண்பதுகளின் தொடக்கம், ஜூன் மாதம். டெல்லி முனிர்காவில் ஒரு மாடியறையில் நானும் திருநெல்வேலிக்காரன் சங்கரனும் இருந்தோம். அன்று பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. தெர்மாமீட்டர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. ஒரு வருஷம் டெல்லியில் அலைந்து கிடைத்த முதல் அழைப்பு. இதுவும் கைநழுவினால் கும்பகோணத்துக்கு ரயிலேற வேண்டியதுதான். (அப்பா கடிதத்தில் அடிக்கோடிட்டே எழுதியிருந்தார்.)

காலையில் பயத்தில் உடம்பு நடுங்கியது. காய்ச்சலோ என்று ஜன்னல் திட்டில் வெயிலில் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்து அப்படியே வாயில் வைத்தேன். பார்த்தால் நூற்றெட்டு! (சாமிக்குத் தேங்காய் உடைக்கிற கணக்கு அது. மனுஷனுக்கு வருகிற காய்ச்சலா?)

“டேய் சங்கரா, நான் பொழைக்க மாட்டேன்டா!”

“ஏல, சும்மா கெட. பேசினா சூடு இன்னும் ஏறும்!” என்று கத்தினான் சங்கரன். (அவன் வரலாறு படித்தவன். மன்னித்துவிடலாம்.)

வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். “ஹாய் ராம்! பர்ஃப் லாவ், ஜல்தி!” என்று ஐஸுக்கு அலறினார். தெருமுனை ஐஸ்காரர் முழுப் பாளத்தையே சுமந்து வந்தார். நெஞ்சில் ஐஸ், வாயில் ஐஸ், தலையில் ஒரு பானைத் தண்ணீர். எல்லாம் இன்டர்வியூ சட்டையோடு.

அரைமணி கழித்து மறுபடி பார்த்தார்கள். வாய் விறைத்துக் கிடக்கிறது, அப்போதும் நூற்றெட்டு! அந்த நிமிஷம்தான் படித்த படிப்பு ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து தெர்மாமீட்டரை உதறினேன். பாதரசம் சாதுவாக இறங்கியது. நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

“ஏன் இப்படி நனைந்திருக்கிறீர்கள்?” என்றார் தேர்வுக்குழுத் தலைவர். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“உங்கள் வாய் குளிர்ந்த பிறகும் ஏன் இறங்கவில்லை?”

“குமிழுக்கு மேலே குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும் சார். ஏறின பாதரசம் தானாகத் திரும்பாது. உதறினால்தான் இறங்கும். காலை வெயிலின் சூட்டைத்தான் அது அத்தனை நேரமும் காட்டிக்கொண்டிருந்தது.”

“இத்தனையும் தெரிந்துமா ஐஸில் படுத்திருந்தீர்கள்?”

“படுத்த பிறகுதான் தெரிந்தது சார்.”

தேர்வுக்குழுவில் இருந்த மூன்று பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். வேலை எனக்கே! அன்று முனிர்கா முழுக்க நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான தெர்மாமீட்டர்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் என் மகள் முந்திக்கொள்வாள்: “பாபா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. காய்ச்சலை நாங்க பாத்துக்கறோம்.”