ராகு காலத்தில் போட்ட சீனக் கட்டம்

உ

பல்லடம்,
12-9-96, வியாழன்.

சிங்கப்பூரில் குடும்ப சமேதராய் வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மச்சான் திரு. சென்னிமலை அவர்களுக்கு, தங்கள் தங்கை தெய்வாத்தாளின் கணவன் லட்சுமணசாமி வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். இதை யாரும் கடிதத்தில் தனியாக எழுதுவதில்லை என்றாலும், இந்தத் தடவை எழுதவேண்டிய நிலைமை ஆகிவிட்டது. அவ்விடம் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மன் துணை இருப்பாளாக.

நான் இன்று எழுந்து உட்கார்ந்து பேனா பிடிக்கிறேன் என்றால் அதற்கு முழுமுதற் காரணம் தாங்கள் கொடுத்தனுப்பிய சீன ஆருடக் கட்டம்தான். இந்த நன்றியை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன். தங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓங் அவர்கள் சொல்லச் சொல்லத் தாங்கள் பொறுமையாகத் தமிழில் எழுதி, ஒன்பது கட்டம் போட்டது ஒரு தாள், ஒவ்வொரு கட்டத்துக்கும் பலன் எழுதியது ஒரு தாள், என்று ஆனி மாசக் கடைசியில் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தின நாள்தான் டாக்டர் அழகிரிசாமி என் தொடையிடுக்கில் இருந்த எலுமிச்சங்காய் அளவு வீக்கத்தை அமுக்கிப் பார்த்து, ஹெர்னியா, குடல் இறங்கியிருக்கிறது, ஒரு மாசத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், இறங்கின குடல் ஏறாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தார். மச்சான், தங்களிடம் மறைப்பானேன், எனக்குக் கத்தி என்றால் பயம். சவரக்கத்திக்கே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். ஆகவே ஆபரேஷன் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்பதைச் சீனக் கட்டத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்வது என்று முடிவு செய்தேன்.

ஆனால் தாங்கள் எழுதியிருந்த விதி என்ன? கேள்வி மனசில் தானாக எழும்புகிற நிமிஷமே கட்டம் போடும் நிமிஷம், தனியாக நேரம் பார்க்கக் கூடாது, ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான். முப்பத்தோரு வருஷம் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து, ஆயிரம் பேர் வந்த நேரம் போன நேரம் எழுதினவன் நான். நேரம் பார்க்காமல் கட்டம் போடு என்றால் எப்படி மச்சான்? அதுவும் ஒரே தடவைதான் கேக்க முடியும்னா, அந்த ஒரு தடவைய நல்ல நேரத்துல கேக்கறதுதானே புத்தி? அதனால ஜோசியர் வேங்கடசாமி கிட்டப் போயி, கட்டம் போடறதுக்கு ஒரு நல்ல நேரம் குறிச்சுக் குடுங்கன்னு கேட்டேன். அவரு தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஏனுங்க, இத்தன வருசமா நாஞ் சொன்னது பத்தாதுன்னு இப்பச் சீனாக்காரங்கிட்டப் போயிட்டீங்களா?"ன்னாரு. அப்பறம் மனசு எரங்கி, இந்த வாரம் சந்திராஷ்டமம், அடுத்த வாரம் அமாவாசை, அதுக்கப்பறம் ஆடி, ஆடில தொட வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள நெம்ப நிம்மதி.

அந்த ஆடி மாசத்த நான் வீணாக்கல. கட்டத்துக்கு இந்திய நேரமா சிங்கப்பூர் நேரமான்னு தங்களுக்கு எழுதிக் கேட்டேன். வவுறு எந்த ஊர்ல இருக்குதோ அந்த ஊர் நேரம்னு தாங்கள் எழுதின பதில் வர்றதுக்குப் பதினெட்டு நாள் ஆச்சு. அதுவரைக்கும் கட்டத்தத் தொட முடியாதுங்கறது நியாயந்தானே? பொறகு, சீனாக்காரங்க சமாச்சாரத்த நம்ம ஊட்டுக்குள்ள வெக்கறதுக்கு அம்மன் உத்தரவு வேணுமில்லீங்களா, கோயில்ல போயிப் பூக் கேட்டேன். வெள்ளப்பூவும் செவப்புப்பூவும் தனித்தனியாப் பொட்டலங் கட்டிப் போட்டு, வெள்ளை வந்தா சரின்னு வேண்டிக்கிட்டேன். செவப்பு வந்துச்சு. மறு வெள்ளிக்கெழமை கேட்டேன். மறுபடியும் செவப்பு. மூணாவது வாரம் வெள்ளை வந்துச்சு. சந்தோசமா ஊட்டுக்கு வந்து தாளைப் பிரிக்கறேன், செவுத்துல பல்லி சொல்லுது, அதும் ஆகாத பக்கத்துல இருந்து. மடிச்சு வெச்சுட்டேன். தெய்வாத்தா சொல்றா, "ஒரு கேள்வியக் கேக்கறதுக்கு முன்னால இன்னும் எத்தன பேர்த்தக் கேப்பீங்க? அந்த டாக்டரு ஒருத்தரத் தவர ஊர்ல அத்தன பேர்த்தையும் கேட்டுப்போட்டீங்க"ன்னு. பொம்பளைகளுக்கு இதெல்லாம் எங்க புரியுது மச்சான்.

கடைசியா ஆவணி பொறந்து, வளர்பிறை வெள்ளிக்கெழமை, காலைல ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் அப்பழுக்கில்லாத நேரம்னு ஜோசியரு குறிச்சுக் குடுத்தாரு. ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில பச்சத்தண்ணி வாத்துக் குளிச்சுட்டு, சலவை வேட்டி கட்டிக்கிட்டு, கட்டத்த முன்னால வெச்சு, வெளக்கேத்தி, மனசுல கேள்வி எழும்பறதுக்காகக் கண்ண மூடி உக்காந்தேன். கேள்வி எழும்பல மச்சான்! நானும் ஆபரேசன் ஆபரேசன்னு நெனச்சுப் பாக்கறேன், அது எங்கயோ போயி ஒளிஞ்சுக்கிச்சு. ஒரு மணி நேரங் கழிச்சு ஒரே ஒரு கேள்வி எழும்புச்சு, இன்னிக்கு இட்லியா தோசையான்னு. கண்ணத் தொறந்து தெய்வாத்தா கிட்டச் சொன்னேன். "அப்ப அதையே கேட்டுப்போடுங்க, நானும் கல்லப் போடறதா சட்டியப் போடறதான்னு தெரிஞ்சுக்கறேன்"ன்னா. ஏழரைக்குக் குளிகை வந்துருச்சு, எந்திரிச்சுட்டேன். தோசைதான் போட்டிருந்தா.

இது நடந்து நாலாம் நாள், செவ்வாக்கெழமை, மத்தியானம் மூணு மணி பத்து நிமிசம். டைம் ஆபீஸ்காரன் சொல்றேன், நேரம் தப்பாது. சும்மா ஈசிச்சேர்ல சாஞ்சிருந்தவன், தும்மல் வந்துச்சு, தும்மினேன். அவ்வளவுதான். எலுமிச்சங்காய் மாங்காயாட்டப் பொடைச்சுக்கிச்சு, கல்லாட்ட எறுகிப் போச்சு, வலின்னா வலி, அப்படி ஒரு வலி. கண்ணு இருட்டுது, வாந்தி வருது. தெய்வாத்தா வெசையா ஓடி, தெருமுக்குல டாக்சி வெச்சிருக்கற நம்ம அமீர் ஹம்சா பாயைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. அவரு என்னை அம்பாசிடர்ல பின் சீட்டுல தூக்கிப் போடறாரு, நானோ கதவப் புடிச்சுக்கிட்டு உடமாட்டேங்கறேன். ஏன்னா செவ்வாக்கெழமை மூணுலருந்து நாலரை ராகு காலம். "நாலரை ஆகட்டும், அப்பறம் கெளம்பலாம்"ங்கறேன். பாய் சொல்றாரு, "ஏனுங்ணா, நேரமெல்லாம் கல்யாணத்துக்குப் பாக்கறதுங்க, வலிக்குமா பாப்பாங்க?" நான் கேக்கல. அப்பத் தெய்வாத்தா எம் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு, "நாலரைக்கு நீங்க இருப்பீங்களா?"ன்னா.

மச்சான், அந்த நிமிசம் எழும்புச்சு பாருங்க கேள்வி! நான் பொழைப்பனா? யாரும் எழுப்பாம, தானா, அடிவவுத்துலருந்து எழும்புச்சு. தாங்கள் எழுதின நிமிசம் இதுதான்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. "கட்டத்த எடு! கட்டத்த எடு!"ன்னு கத்தினேன். தெய்வாத்தா உள்ள ஓடி மஞ்சப்பையோட வந்து ஏறிக்கிட்டா, பாய் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டிய உட்டுட்டாரு. கட்டம் எனக்கு மனப்பாடம், வெரல்லயே எண்ணினேன். மூணுலருந்து அஞ்சு வரைக்கும் சீனக் கணக்குல குரங்கு வேளை. ராகு காலமா இருந்தாலும் நம்ம ஆஞ்சநேயர் வேளையாச்சேன்னு ஒரு தெம்பு. வேளைக்கு இத்தன, மாசத்துக்கு இத்தன, தேதிக்கு இத்தனன்னு காரணம்பேட்டை வர்றதுக்குள்ள எண்ணி முடிச்சேன். ஏழாங் கட்டம். பலனப் பாக்கலாம்னா கண்ணாடியும் அங்கராக்கும் ஊட்லயே கெடக்குது, நான் பனியனோட வந்திருக்கறேன். "ஏழாங் கட்டத்துக்கு என்ன போட்டிருக்குது, படி"ன்னேன். அவ பைக்குள்ள கைய உட்டு ஒரு தாள எடுத்துப் படிச்சா.

என்ன பலன் மச்சான் அது! "உடனே கெளம்பு. மேக்கே போ. வழியில எங்கயும் நிக்காத. இரும்பு பட்டா உனக்கு நல்லது." பேப்பர்ல தலைப்பையே எழுத்துக்கூட்டிப் படிக்கறவ, அன்னிக்குக் கணீர்னு தண்ணியாட்டப் படிச்சா. தங்கள் கையெழுத்து அவ்வளவு தெளிவு. எனக்குப் பாதி வலி அங்கயே போச்சு. சூலூர் தாண்டும்போது மறுபடியும் பயம் வந்து, வண்டியத் திருப்பீறலாம், மொதல்ல கொள்ளு ரசம் குடிச்சுப் பாக்கலாம்னேன். அவ தாளைக் கிட்டப் புடிச்சு, "இன்னொரு வரி உட்டுப்போச்சுங்க. வாய மூடிக்கிட்டு இரு, கூட இருக்கற பொம்பளை சொல்றதக் கேளுன்னு போட்டிருக்குது"ன்னா. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. எங்கயோ சீனாவுல உக்காந்து எழுதினவனுக்குத் தெய்வாத்தா பக்கத்துல இருப்பான்னு எப்படித் தெரிஞ்சுது? ஆஸ்பத்திரியில நர்சம்மா ஒரு காயிதத்த நீட்டிக் கையெழுத்துக் கேட்டப்பவும் நான் தயங்கினேன். தெய்வாத்தா தாளைப் பாத்து, "நீட்டின எடத்துல கையெழுத்துப் போடு"ங்கற வரியவும் படிச்சுக் காட்டினா. போட்டேன். ஸ்ட்ரெச்சர்ல படுத்து உள்ள போகும்போது எனக்குத் துளி பயமில்ல மச்சான், சத்தியமாச் சொல்றேன்.

இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா குடல் கறுத்திருக்கும், அப்பறம் நாங்க கைய விரிச்சிருப்போம்னு பெரிய டாக்டரு சொன்னாரு. இப்பத் தையல் பிரிச்சாச்சு. ரசஞ்சோறு சாப்பிடறேன். தும்மக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தைத் தந்த தங்களுக்கும், அதைச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஓங் அவர்களுக்கும், அவருக்குச் சொல்லிக்கொடுத்த முன்னோர்களுக்கும் என் சிரம் தாழ்ந்த நன்றி. நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்த அமீர் ஹம்சா பாய்க்கும், பத்து நாள் ரொட்டியும் பாலும் கொடுத்தனுப்பிய அவர் சம்சாரம் ஜாஹிதாம்மாவுக்கும் நன்றி. டாக்டர்களுக்கும் நன்றி. வேங்கடசாமி ஜோசியருக்கும் ஒரு விதத்தில் நன்றி. அவர் தள்ளிப் போடப் போடத்தானே சரியான நிமிஷம் தானாக வந்தது. ஒரே ஒரு குறை, பலன் தாளை மட்டும் வீட்டில் காணவில்லை, ஆஸ்பத்திரியில் தவறிப் போயிருக்கும். இங்கே வருகிற ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் எங்களுக்கும் கட்டம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். ஆகவே இன்னொரு பிரதி எழுதி அனுப்பவும். தெய்வாத்தாள் வழக்கம்போல் இருக்கிறாள், அவளைப் பற்றி எழுத விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் நல்ல படிப்பும் நீண்ட ஆயுளும் பெற்று வாழ ஆசீர்வாதம். கேள்வி எழும்பும் நேரமெல்லாம் தங்களுக்கு நல்ல பதிலே கிடைப்பதாக.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள,
சு. லட்சுமணசாமி

பின்குறிப்பு: அண்ணா, நான் தெய்வாத்தா எழுதறனுங்க. ஒட்டிப் போஸ்டாபீசுல போட்டுட்டு வான்னு கவரை எங்கிட்டக் குடுத்தாரு. ஒட்டறதுக்கு முன்னால எழுத்துக்கூட்டிப் படிச்சுப்போட்டேன். அன்னிக்குப் பையில பலன் தாளே இல்லீங்ணா. அவசரத்துல கைக்கு ஆப்புட்டது பருத்திக்கு மருந்தடிக்கற நோட்டீசு. பின்பக்கம் பெருசா மண்டையோட்டுப் படம் போட்டிருந்துச்சு, அது அவரு பக்கம் திரும்பாமப் புடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. படிச்சது பூராவும் நானாச் சொன்னதுதானுங்க. ஒரு மாசமா அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன், நாஞ் சொன்னா அவரு காதுல ஏறாது. ஊட்டுக்கு வந்தப்பறம், ஏழாங் கட்டம் நெசமாலுமே என்ன சொல்லுதுன்னு பலன் தாள எடுத்துப் பாத்தனுங்க. இருந்த எடத்த உட்டு நாப்பது நாள் அசையாதேன்னு உங்க கையெழுத்துல இருந்துச்சு. பொடக்காலி அடுப்புல போட்டுட்டேன். அந்தப் பெரியவரு கிட்டச் சொல்லீறாதீங்க, பாவம், சங்கடப்படுவாரு. இன்னொண்ணு அனுப்பித்தான் ஆகோணும்னா, ஒம்பது கட்டத்துக்கும் டாக்டரு சொல்றதக் கேளுன்னே எழுதி அனுப்பீருங்க. கணீர்னு படிச்சேன்னு எழுதியிருக்காருங்க. அப்படிச் சத்தமாப் படிக்காட்டி நான் அழுதுபோட்டிருப்பனுங்ணா, அதுக்குத்தான். ஊரு ஒலகத்துக்கெல்லாம் நன்றி எழுதியிருக்காரு, எனக்கு மட்டும் ஒரு வரி இல்ல. போச்சாதுங்க, பரவால்ல. எழுதறதுக்கு ஆளு உசுரோட இருக்குதுங்களே.