பஸ் அண்ணன் கூட்டமாக நின்ற கதை

எழுத்துக்கும் எனக்கும் வெகுதூரம். இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள். பத்திரிகையில் எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பஸ் அண்ணனைப் பற்றி வேறு யாராவது எழுதியிருந்தால் நான் பேனையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஒரு பெருங்கூட்டத்துக்கு வேண்டிய சத்தம், பசி, சண்டை, கண்ணீர் எல்லாவற்றையும் தனி ஆளாகச் சுமந்துகொண்டு திரிந்த மனிதர் மெல்பேணில் அவர் ஒருவர்தான்.

ஒபரா என்றால் கதை முழுவதையும் பாடியே நடிப்பது. டண்டினொங் ரயில் பாதையோரத்தில், பழைய களஞ்சியம் ஒன்றைத் திருத்திக் கட்டிய சின்ன அரங்கு எங்களுடையது. கதாநாயகனும் கதாநாயகியும் முன்னால் நின்று காதலித்துச் சாவார்கள். ஊர்மக்களாகவும் சிப்பாய்களாகவும் பின்னால் நின்று பாட நாங்கள் பன்னிரண்டு பேர். தேவாலயத்தில் பாடிய பழக்கத்தில் நானும் சேர்ந்தேன். நாலு பேர் பார்த்தாலே கூசிப்போகிற எனக்குப் பின்வரிசை சொர்க்கமாக இருந்தது.

பஸ் அண்ணன் தமிழ்நாட்டுக்காரர். பகலில் பஸ் ஓட்டுவார், மாலையில் எங்களோடு கட்டைக் குரலில் பாடுவார். சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. இயக்குநர் அம்மாவே "பஸ்!" என்றுதான் கத்துவார்.

கூட்டத்தில் நிற்கிறவனுக்குப் பெயர் இல்லை என்பதை அண்ணனால் தாங்க முடியவில்லை. முதல் நாடகத்தின் ஒத்திகையில் என் காதருகே வந்தார்.

"தங்கச்சி, முடிவு பண்ணிட்டேன். நம்மாளு மீன் விக்கிறவன். மூட்டுவலி. தம்பியோட பேச்சுவார்த்தை கிடையாது."

"அண்ணை, நாங்கள் வந்து ரெண்டு வரி பாடிப்போட்டுப் போறம். அதுக்கு ஏன் மூட்டுவலி?"

"ரெண்டே வரிதானே குடுத்திருக்காங்க. மூட்டுவலியாவது சொந்தமா இருக்கட்டும்மா."

முதல் பாதியில் வலது காலை நொண்டினார். இடைவேளைக்குப் பிறகு இடது காலை நொண்டினார். அடுத்த நாடகத்தில் அரண்மனைக் காவலனாக வந்தபோதும் நொண்டினார்.

"காவலனுக்கும் ஏன் அண்ணை?"

"மீன் யாவாரம் படுத்துருச்சு. பட்டாளத்துல சேந்துட்டான்."

கல்யாண விருந்துக் காட்சி இன்னும் மோசம். மேசையில் ரப்பர் கோழியும் மெழுகுப் பழங்களும் வைத்திருந்தார்கள். "கல்யாண வீட்டுல பொய்க்கோழிய வச்சுட்டுப் பாடச் சொன்னா குரல் எப்படி வரும்?" என்றவர், முதல் காட்சியன்று அங்கிக்குள் ஒரு டப்பாவில் தயிர்சாதமும் மாவடுவும் கொண்டுவந்துவிட்டார். மணமகள் நஞ்சு குடித்துச் சாகிற இடம். சோகமான வயலின். அதற்குள் "கறுக்" என்று மாவடு கடிபடும் சத்தம். செத்துக் கிடந்தவள் ஒரு கண்ணைத் திறந்து மோப்பம் பிடித்தாள். திரை விழுந்ததும் அவள் அண்ணனை அடிக்கப் போகிறாள் என்று பயந்தேன். அவள் டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

ஆனால் பாட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. சேர்ந்து பாடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட சுரத்தை எவராலும் ஒரே மூச்சில் இழுக்க முடியாது. அதனால் பக்கத்தில் நிற்பவரோடு மாறி மாறி மூச்சு வாங்குவோம். ஒருவர் நிறுத்துகையில் மற்றவர் இழுப்பார். சபைக்கு விட்ட இடம் கேட்காது. அண்ணன் முழங்கையால் என்னை மெல்ல இடிப்பார். "நீங்க மூச்சு வாங்குங்க, நான் வண்டிய ஓட்டுறேன்" என்று பொருள். சுரம் முடிந்து, வாத்தியக் குழுவை நடத்துகிறவர் கையை மூடிக் காட்டினாலும் சில நாட்கள் அண்ணன் நிறுத்தமாட்டார். கேட்டால், "பின்வரிசையில ஒரு அம்மா இன்னும் முடிக்கலீங்க. ஆள் ஓடி வர்றப்போ கதவ மூட முடியுமா?" என்பார்.

கடைசியில் இயக்குநர் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. புது நாடகத்துக்கு முன் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னார்: பஸ் தன் இடத்தை விட்டு அசைந்தாலோ, நொண்டினாலோ, அன்றோடு வெளியே. அண்ணன் தலையாட்டினார். அவருக்கு அந்த மாலைகளை விட்டால் வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதே நாடகத்தில் எனக்கு ஒரு தண்டனை கிடைத்தது. மீனவப் பெண்ணாகத் தனியாக ஒரு வரி. கடலைப் பார்த்து "படகு வருகிறது" என்று இத்தாலியனில் பாடவேண்டும். அதைக் கேட்டுத்தான் நாயகன் வருவான். பெட்டி அடுக்கும்போதெல்லாம் பாடிப் பார்த்தேன்.

முதல் காட்சியன்று அண்ணன் விளக்குக் கம்பம் போல நின்றார். மூட்டுவலி இல்லை, தம்பி இல்லை, பசி இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. என் முறை வந்தது. நான் முன்னால் போனேன். வாய் திறக்கவில்லை. வாத்தியங்கள் அதே இடத்தைத் திரும்ப வாசித்தன. அப்போதும் திறக்கவில்லை. அட்டை அலைகளுக்குப் பின்னால் நாயகன் ஒற்றை முழங்காலில் காத்திருந்தான்.

பின்னாலிருந்து கால் இழுபடும் சத்தம் கேட்டது.

பஸ் அண்ணன் நொண்டி நொண்டி மேடை முழுவதையும் கடந்து என்னிடம் வந்தார். கடலைப் பார்த்தபடி அடிக்குரலில் "ஆ…" என்று ஒரு சுரத்தைப் பிடித்தார். முழங்கையால் மெல்ல இடித்தார்.

நான் மூச்சு வாங்கினேன். பாடினேன். படகு வந்தது. சபை கை தட்டியது.

உள்ளே வந்ததும் இயக்குநர் அம்மா அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அண்ணை, இண்டைக்கு எந்தக் காலை நொண்டினனீங்கள்?"

"இடது."

"அந்த மீன்காரனுக்கு வலதுகால் எல்லோ?"

"அவசரத்துல மறந்துட்டேன் தங்கச்சி" என்றார்.

அடுத்த நாள் பதினொரு பேர் பாடினோம். நீண்ட சுரத்தின் நடுவில் ஓரிடத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கிவிட்டோம்.