தோப்புக்கரணத்தாரும் எண்ணெய்த் தகரமும்

ஒரு காலைப் பொழுதுக்குள் இருபது தடவை இறந்து, இருபது தடவையும் உயிர்த்தெழுந்து, பிறகு எதுவுமே நடக்காதவர்போல் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிற மனிதர் ரொறன்ரோ முழுவதிலும் ஒருவர்தான் இருக்கிறார். அவரை நாங்கள் தோப்புக்கரணத்தார் என்போம்.

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் போகும் சமூக நிலையத்தின் நிலக்கீழ் அறையில் உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் தோப்புக்கரணத்தார் அங்கே வருவார். இரு முனைகளிலும் இரும்புத் தட்டுகள் மாட்டிய கம்பியைத் தோளில் ஏற்றுவார். குந்துவார், எழும்புவார். இருபது தடவை, நடுவில் கம்பியை இறக்காமல். எழுபத்தொரு வயது. விமான நிலையத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் பயணப் பெட்டி தூக்கியவர். "கலியாணத்துக்குப் போற எங்கட சனத்தின்ர சூட்கேசைத் தூக்கினவனுக்கு இது என்ன பாரம்?" என்பார்.

பட்டப்பெயரில் ஒரு தவறு உண்டு. மனிதர் மன்னார்க் கத்தோலிக்கர். பிள்ளையாருக்கு ஒரு தோப்புக்கரணமும் போட்டதில்லை. "இதை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில போய்ப் போட்டால் வரமாவது கிடைக்கும்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அங்கை பாரம் இல்லையே, ஒபிஸர்" என்றார்.

ஒபிஸர் என்பது நான். முப்பத்தொரு ஆண்டுகள் கட்டட அனுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஒரு படிக்கட்டு ஒரு விரல் அகலம் குறைந்தாலும் கையெழுத்து வைக்காதவன் என்ற நல்ல பெயரோடும், அதே காரணத்துக்கான கெட்ட பெயரோடும் ஓய்வு பெற்றேன். எங்களுடைய அறிமுகமே விதிமுறையில்தான் தொடங்கியது. ஒரு இயந்திரத்தில் முப்பது நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. அவர் நாற்பத்தொரு நிமிடம் நின்றார். பலகையைக் காட்டினேன்.

"இது மெஷினே? இதில கரண்ட் இருக்கோ? சுத்துற சில்லு இருக்கோ? இது சும்மா இரும்பு. இரும்புக்கு நேரம் எழுதியிருக்கோ எண்டு பாரும்."

பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. வாழ்நாளில் என்னை விதியால் வென்ற முதல் மனிதர். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் போனேன், அடுத்த குற்றத்தைக் கண்டுபிடிக்க.

அவர் ஒன்று என்று எண்ணத் தொடங்கமாட்டார். நெல் அளக்கிறவர்களைப்போல முதலாவதை "லாபம்" என்பார். பிறகு ரெண்டு, மூண்டு. கூடத்தின் பொறுப்பாளர் மாக்ஸீன் ட்ரினிடாட்காரப் பெண்மணி. தோப்புக்கரணத்தாரின் பெயரே அதுதான் என்று நினைத்துப் பல மாதங்களாக "குட் மோர்னிங், மிஸ்டர் லாபம்" என்று சொல்லிவந்தார். இவரும் திருத்தவில்லை. காலையில் யார் வாயிலாவது லாபம் என்று கேட்பது நல்லதுதானே என்றார்.

இருபது தடவை குந்துவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரு பிரசங்கம் உண்டு.

"அஞ்சு மட்டும் அது உடற்பயிற்சி. பத்து மட்டும் அது வேலை. பத்துக்குப் பிறகு வழக்கு."

"ஆரோட வழக்கு?"

"என்னோடதான். கம்பியை வை, வை எண்டு ஒருத்தன் உள்ளுக்கு இருந்து வாதாடுவான். திறமான லோயர். நெஞ்சு அடிக்குது பார், கால் நடுங்குது பார், உனக்கு எழுபத்தொண்டு பார் எண்டுவான். அவன் சொல்லுறது எல்லாம் உண்மை. அதுதான் கரைச்சல்."

நான் நம்பவில்லை. தட்டே மாட்டாத வெறும் கம்பியோடு ஒருநாள் முயன்றேன். ஒன்பதில் என் வழக்கறிஞர் எழுந்து நின்று ஒரே வாக்கியத்தில் வென்றுவிட்டார். மறுநாள் கழிப்பறையில் உட்காருவதற்கு ஒரு திட்டமும் எழும்புவதற்கு இன்னொரு திட்டமும் தேவைப்பட்டன. இரண்டாவது திட்டத்தில் என் மனைவியும் பங்கேற்றார்.

உள்ளே இருக்கும் அந்த வழக்கறிஞரை வாயடைக்கத் தோப்புக்கரணத்தார் கண்ட வழி கோபம். பதினொன்றிலிருந்து ஒவ்வொரு குந்தலுக்கும் அவருக்கு ஓர் எதிரி உண்டு. நின்றபடி மூன்று முறை மூச்சை இழுப்பார், எதிரியின் பெயரைச் சொல்லிக் கத்துவார், குந்துவார், எழும்புவார். பதினொன்று, 401 நெடுஞ்சாலை. பன்னிரண்டு, கலியாண வீட்டில் தனக்குச் சோடா தராத மைத்துனர். பதின்மூன்று, பெப்ரவரி மாதம். பதினாறில் ஒருநாள் "ஒபிஸர்!" என்று கூரை அதிரக் கேட்டது.

"அண்ணை, நானுமோ?"

"பதினாறு லேசான இடமில்லைக் காணும். பெப்ரவரிக்கே பதின்மூண்டுதான் குடுத்திருக்கிறன்."

பத்தொன்பதிலும் இருபதிலும் மட்டும் கத்தமாட்டார். உதடு அசையும், சத்தம் வராது. அது யாருடைய பெயர் என்று கேட்டேன். "பதினெட்டு வரைக்கும் கோபத்தில எழும்பலாம். மிச்சம் ரெண்டும் கோபத்துக்கு எழும்பாது" என்றார். தட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்.

பிறகுதான் அஜக்ஸ் பிரச்சினை வந்தது. பெப்ரவரி தன் பதின்மூன்றாம் இடத்துக்குப் பழிவாங்கியதோ என்னவோ, தோப்புக்கரணத்தார் அரிசி மூட்டையோடு வீட்டு வாசல் பனியில் சறுக்கி விழுந்தார். மூட்டை கிழிந்தது, இவருக்கு இடுப்பில் நீலம் பாரித்த ஒரு கண்டல். அவர் இருப்பது வெக்ஸ்போர்ட்டில், லிப்ற் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. மனைவி காலமான பிறகு தனி ஆள். மகள் சுபா அஜக்ஸில் பெரிய வீட்டில் இருக்கிறாள். செய்தி கேட்டுப் பறந்து வந்தவள், கீழ்த்தளத்தில் ஓர் அறை தயாரென்றும், குளியலறைச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு பிடிகூடப் பூட்டியாகிவிட்டதென்றும் சொன்னாள்.

"அங்கை கார் இல்லாமல் ஒரு மிளகாய்த்தூள் வாங்கேலாது. காலமை நீ வேலைக்குப் போனால் நானும் அந்தப் பிடியும்தான் கதைச்சுக்கொண்டு இருக்கவேணும்" என்றார் இவர்.

"Stairs ஏறேலாமல் போனால் என்ன செய்வீங்கள், அப்பா?"

அந்த இடத்தில்தான் மனிதர் வாயைக் கொடுத்தார். தன் உடல் எடை நூற்றைம்பது இறாத்தல். அதே எடையைத் தோளில் வைத்து இருபது தடவை எழும்பினால் வெக்ஸ்போர்ட். எழும்பாவிட்டால், மறுபேச்சில்லாமல் அஜக்ஸ். சுபா உடனே சம்மதித்தாள். வழக்கமான பாரத்தோடு இருபது செய்தாலும், நூற்றைம்பதோடு அவர் பதினேழைத் தாண்டியதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை அவளுக்குச் சொன்னவன் நான். கேட்டாள், உண்மையைச் சொன்னேன்.

நடுவர் யார் என்று கேள்வி வந்தபோது இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒரே பக்கத்தில் ஐந்து பிரிவுகளோடு நிபந்தனை எழுதினேன். மூன்றாம் பிரிவு முக்கியமானது. அரைகுறையாகக் குந்திவிட்டு எண்ணிக்கை கூட்டுவது உலக வழக்கம். ஆகவே பின்னால் ஒரு தகரம் வைக்கப்படும். ஒவ்வொரு தடவையும் பின்புறம் அதில் பட்டுச் சத்தம் கேட்கவேண்டும். சத்தம் கேட்காதது கணக்கில் இல்லை. கொத்துரொட்டிக் கடையொன்றில் வெறும் எண்ணெய்த் தகரம் வாங்கினேன். உயரம் அளந்தேன். பதினான்கு அங்குலம்.

சனிக்கிழமை காலை மாக்ஸீன் தகரத்தைப் பார்த்ததும் கையை விரித்தார். இதெல்லாம் உள்ளே கொண்டுவரக்கூடாதாம். நான் பலகையைக் காட்டினேன். கண்ணாடிப் பாத்திரமும் உணவும்தான் தடை. இது கண்ணாடியல்ல, உள்ளே உணவுமில்லை. மாக்ஸீன் பெருமூச்சு விட்டு, பாதுகாப்புக் கம்பிகள் சரியான உயரத்தில் இருக்கின்றனவா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, தானும் நின்று பார்க்கத் தொடங்கினார்.

"லாபம்!" டொங்.

"ரெண்டு!" டொங்.

சுபா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். பத்து வரைக்கும் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துவதுபோல் ஒரே சீராகப் போயிற்று. பதினொன்றில் 401 திட்டு வாங்கியது. பதின்மூன்றில் பெப்ரவரியை அவர் திட்டிய சொல்லுக்கு, தமிழ் தெரியாத மாக்ஸீன்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். பதினாறு எனக்கு. நான் குறித்துக்கொண்டேன்.

பதினேழு. கால்கள் காற்றில் கழன்ற வேலிப் படலைபோல் ஆடின. மூன்று மூச்சு ஏழாயிற்று, ஏழு பதினொன்றாயிற்று. முகம் பழுத்த கொய்யாவின் உள்பக்கம் மாதிரி இருந்தது. எத்தனை மூச்சு விடலாம் என்று நிபந்தனையில் நான் எழுதவில்லை. மறந்தல்ல.

பதினெட்டு. டொங். பத்தொன்பது. உதடு மட்டும் அசைந்தது. மெலிதாக ஒரு டொங்.

இருபதுக்கு இறங்கினார். இறங்கிக்கொண்டே போனார். அடியில் ஒரு கணம் உலகமே நின்றது. பிறகு பல்லைக் கடித்து எழும்பினார். மாக்ஸீன் கைதட்டினார்.

"சத்தம் கேக்கேல்ல" என்றேன்.

கைதட்டல் பாதியில் நின்றது.

"அங்கிள், are you serious?" சுபா சுவரைவிட்டு வந்தாள். "தகரத்தைப் பாருங்கோ! நசுங்கிப் போச்சு! இருந்து இருந்து அவரே அதை நசுக்கிப்போட்டார். முதல் போனதைவிட இப்ப கீழ போனவர்!"

உண்மைதான். தகரம் ஒன்றரை அங்குலம் உட்கார்ந்துவிட்டிருந்தது. நான் அளந்தது அது நசுங்குவதற்கு முன்.

"மூன்றாம் பிரிவில சத்தம் கேக்கவேணும் எண்டு இருக்கு, பிள்ளை."

"அவர் செய்திட்டார்! இருவது செய்திட்டார்! I saw it!" என்று கத்தினாள், அஜக்ஸில் அறை ஒழுங்குபண்ணி வைத்திருந்த சுபா. தான் யாருடைய கட்சியில் நின்று வாதாடுகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்ததுபோலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலாய்க் கதைச்சு முடியுங்கோ" என்றது மேலேயிருந்து ஒரு குரல். "எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

அப்போதுதான் நூற்றைம்பது இறாத்தல் இன்னும் அவர் தோளிலேயே இருப்பது எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

என்னை ஒருமுறை முறைத்தார். பெயர் சொல்லவில்லை, எண்ணும் சொல்லவில்லை. இறங்கினார். பழைய இடத்தையும் தாண்டி, நசுங்கிய தகரம் வரைக்கும்.

டொங்.

அங்கேயே நின்றுவிட்டார். மேலே வரவில்லை. கம்பி நடுங்கியது. உள்ளே அந்த வழக்கறிஞர் தன் கடைசி வாதத்தை வைத்துக்கொண்டிருந்திருப்பார். தோப்புக்கரணத்தார் எழும்பாவிட்டால் வெற்றி சுபாவுக்கு. அவள் முழந்தாளில் விழுந்து, அவருடைய முகத்துக்கு நேரே, அந்தக் கட்டடம் முழுவதும் கேட்கக் கத்தினாள்:

"எழும்புங்கோ அப்பா! எழும்புங்கோ! எழும்புங்கோ!"

எழும்பினார். கம்பியைத் தாங்கியில் போட்டார். அப்படியே தரையில் சிலுவை வடிவத்தில் மல்லாந்தார். சுபா பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய நெற்றியைத் தன் ஜக்கெற் கையால் துடைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்பதை நான் குறிப்பில் எழுதவில்லை.

"அந்த அறையில..." என்றார் கண்ணை மூடியபடி, "ஒரு கம்பியும் ஸ்டாண்டும் வாங்கி வை. ஞாயிற்றுக்கிழமையில வாறன்."

"வாங்கிறன் அப்பா."

"தகரம் வேண்டாம்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். என் மனைவி கேட்ட விதத்தை இங்கே எழுத முடியாது. முப்பத்தொரு ஆண்டுகளில் நான் கற்றது இதுதான்: இரக்கத்தில் கொடுத்த அனுமதியை அடுத்த அதிகாரி வந்து ரத்துச் செய்துவிடுவான். அடுத்த பெப்ரவரியில் யாராவது "உண்மையில் பத்தொன்பதுதானே" என்று சொல்ல இடமிருக்கக்கூடாது. யாரும் மேன்முறையீடு செய்ய முடியாத ஓர் இருபது அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது. நிபந்தனைத் தாளின் கீழே கையெழுத்து வைத்தேன். சுபாவும் வைத்தாள்.

இரண்டு செவ்வாய்க்கிழமைகள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாவது செவ்வாயில் வழக்கமான பாரத்தோடு நின்றார். நான் சற்றுத் தள்ளி, பதினாறுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பதினாறில் ஒரு பல் வைத்தியரின் பெயர் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. எதிரிகள் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டவன் எங்கே போய் முறையிடுவது?

பதினேழு. பதினெட்டு.

பத்தொன்பதில் அவர் கத்தவில்லை. அன்று நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கிட்ட நின்றதால் உதட்டசைவோடு சத்தமும் கேட்டது. "ஒபிஸர்" என்றார், பக்கத்தில் தூங்கும் ஒருவரை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல.

நான் திரும்பி நின்று அறிவிப்புப் பலகையை வாசிக்கத் தொடங்கினேன். அதில் உள்ளது எல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தாலும் அவர் இருபதை முடித்து, மூச்சு வாங்கி, முகம் துடைத்து, "என்ன ஒபிஸர், புதுசாய் ஏதும் எழுதியிருக்கோ?" என்று கேட்கும்வரை அதையே வாசித்துக்கொண்டு நின்றேன்.